முதலாளி எங்கே? தாமிரபரணிக் கரையில் கேமராவோடு...

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில், சாயங்காலம் கேமராவோடு வந்து நிற்பவருக்கு முதல் தலைவலி வெளிச்சம்தான். இருட்டுக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆரம்பத்தில் எண்ணெய் விளக்கு, அப்புறம் ஒற்றைக் குண்டு பல்பு என்று நடந்த வியாபாரம் அது. ஜனங்கள் வாயில் புழங்கிய அடையாளமே கடைக்குப் பெயராகவும் நின்றுவிட்டது. எல்.இ.டி. பேனலைப் போட்டால் தட்டு, தராசு எல்லாம் பளிச்சென்று தெரியும். கடை மட்டும் இருட்டுக்கடையாக இருக்காது. பேனலை அணைத்துவிட்டு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி அடிக்கும். இந்த வழக்கு தீருவதற்குள் வரிசை நகர்ந்துவிடும். சரக்கு தீர்ந்தால் கடையைச் சாத்திவிடுவார்கள். ஷூட்டிங் இருக்கிறது என்பதற்காக யாரும் இன்னொரு கிண்டு கிண்டப் போவதில்லை.

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் படப்பிடிப்புக் குழுக்களுக்கு இந்தப் பக்கத்தில் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் வேலை பார்க்கிறவர்கள் சிலர் உண்டு. அவ்வப்போது நானும் பார்த்திருக்கிறேன். வீடு பேசுவது, கூட்டத்தை விலக்குவது, சவுண்ட் எடுக்கும்போது பக்கத்து வீட்டு மிக்ஸியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவது, யூனிட்டுக்குச் சாப்பாடு சொல்வது எல்லாம் இந்த வேலையில் சேர்த்தி. "ஆசியத் தொழில்முனைவோரைத் தேடி ஒரு பயணம்" என்கிற மாதிரித் தொடர்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. அவற்றின் அச்சு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஓர் ஊர், ஒரு முதலாளி, அவர் பட்ட கஷ்டம், அவருக்குத் தோன்றிய யோசனை, இன்றைய தொழிற்சாலை, கடைசியில் டிரோனில் ஒரு வானத்துப் பார்வை. வருகிறவர்கள் முதலில் கேட்பதும் ஒரே கேள்விதான்: "இங்கே ஃபவுண்டர் யாரு?"

பொதிகையில் பிறந்து புன்னக்காயல் அருகே கடலில் சேரும் இந்த ஆற்றங்கரையில் அந்தக் கேள்விக்கு லேசில் பதில் கிடைப்பதில்லை. இருட்டுக்கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தானத்திலிருந்து இங்கே வந்து தங்கிய ராஜபுத்திரக் குடும்பம் நூறு வருஷத்துக்கும் மேலாக நடத்தும் கடை. அல்வாவின் சூத்திரமோ எந்த வீட்டுப் பெரியம்மாவும் சொல்லிவிடக் கூடியது: கோதுமையை ஊறப்போட்டு ஆட்டிப் பால் எடுக்க வேண்டும், தெளியவிட வேண்டும், சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கை ஓயக் கிண்ட வேண்டும். "அப்படியானால் ரகசியம் என்ன?" என்று ஆங்கர் கண்ணை விரிப்பார். ஊர்க்காரர் எவரைக் கேட்டாலும் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி, "தண்ணி" என்பார். பேட்டி அத்துடன் முடிந்தது. ஆற்றின் காலரில் மைக் குத்த முடியாதே.

சரி, ஆற்றையே எடுக்கலாம் என்று கிளம்பினால் அனுமதிப் படலம் ஆரம்பமாகும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு, அகத்தியர் அருவியெல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் வருகின்றன. 1988-இல் அறிவிக்கப்பட்ட காப்பகம், தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. வனத்துறை அனுமதி இல்லாமல் டிரோனை மேலே விட்டால் டிரோனும் திரும்பாது, குழுவும் சுலபத்தில் திரும்ப முடியாது. மலையை விட்டுக் கீழே இறங்கினாலும் வானம் காலியாக இல்லை. தெற்கே கூடங்குளத்தில் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம். 2021 டிரோன் விதிகள் வந்தபிறகு எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதைப் பார்க்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். கோயிலுக்குள் எடுக்க வேண்டுமென்றால் அறநிலையத்துறை, ரயில் பாலத்தில் நிற்க வேண்டுமென்றால் ரயில்வே. ஒவ்வொன்றுக்கும் தனி மனு, தனிக் காத்திருப்பு.

இதெல்லாம் கையில் கிடைத்தாலும் பயிர் ஒத்துழைக்க வேண்டும். டைரக்டர் மனதில் இருப்பது பச்சைப் பசேலென்ற வயல், நடுவே வளைந்து போகும் ஆறு. அந்தப் பச்சை நாள்காட்டி பார்த்து வருவது. ஜூன் வாக்கில் அணை திறந்தால் கார் சாகுபடி, ஐப்பசி மழையை நம்பிப் பிசானம். கோடைக் கடைசியில் கால்ஷீட் போட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கட்டாந்தரைதான் கிடைக்கும். பாபநாசம் அணையில் தண்ணீர் போதாத வருஷங்களில் காருக்குத் திறக்கவே மாட்டார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களில் எதில் எப்போது தண்ணீர் வரும் என்று விவசாயியிடம் கேட்டுவிட்டு ஷெட்யூல் போட்டால் பாதிச் செலவு மிச்சம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்ததைப் போல வெள்ளம் வந்துவிட்டால் ஷெட்யூல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்குக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அப்போதும் கேமராக்கள் வந்தன. தொழில்முனைவோரைத் தேடி அல்ல.

மேற்கே தென்காசிப் பக்கம் போனால் எல்லாக் குழுவுக்கும் முகத்தில் ஒரு நிம்மதி. முதலாளி கிடைத்துவிட்டார்! 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஸோஹோ. 2011-இல் மத்தளம்பாறையில் சின்னதாக ஓர் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டு இங்கேயே வந்து தங்கினார்; 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்; 2025 தொடக்கத்தில் தலைமை நிர்வாகி பொறுப்பை விட்டுத் தலைமை விஞ்ஞானி ஆனார். வேட்டி, சைக்கிள், பின்னால் மலை. வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து உள்ளூர் யூடியூப் வரைக்கும் இந்தச் சட்டகம் மாறியதே இல்லை. கேமராவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மென்பொருள் எழுதுவதைப் படமாக்க முயன்று பாருங்கள்: இருபது பேர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் ஒருவர் தண்ணீர் குடிப்பார், அவ்வளவுதான். வாடிக்கையாளர் சேவைக்கான ஸோஹோ டெஸ்க் இந்தத் தென்காசி அலுவலகத்தில் உருவானது. அதைச் செய்த பொறியாளர்கள் எந்தத் தொடரிலும் சைக்கிள் அளவுக்கு இடம் பிடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பகுதிக்குப் போகிற குழு வழியில் சுந்தரபாண்டியபுரத்தில் நிற்காமல் வராது. பருவத்தில் சூரியகாந்தி. பக்கத்தில் 'அந்நியன்' படப் பாட்டுக்காக நடிகர்களின் முகங்களை வரைந்துவைத்த பாறை. 2005-இல் படம் ஓடி முடிந்தது. ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் 'அந்நியன் பாறை'தான். சினிமாக்காரன் விட்டுப்போன செட்டே சுற்றுலாத் தலமாகிவிட்ட ஊரில் ஒரு டாக்குமெண்டரிக் குழுவுக்கு என்ன மரியாதை இருக்கும்? ஹீரோ யார் என்று கேட்பார்கள். ஹீரோ இல்லை என்று தெரிந்ததும் கலைந்துவிடுவார்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

நான் சொல்லி எந்தக் குழுவும் கேட்டதில்லை என்றாலும் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்: முதலில் பத்தமடைக்குப் போங்கள், அங்கே முழு நாள் ஒதுக்குங்கள்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய் பாயும் ஊர். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரைதான் மூலப்பொருள். பச்சையாக அறுத்து வந்து, காயவைத்து, ஒவ்வொரு தண்டையும் கத்தியால் நெடுக்காகக் கீறுவார்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவேண்டும். ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து, மறுபடி கீறி, நூல் மாதிரி மெலிந்த இழையாக்குகிறார்கள். சாயம் தோய்ப்பது அதன் பிறகு. தரையோடு தரையாகப் போட்ட தறியில் பாவு நூல் பருத்தி. நெய்கிறவர் அந்தப் பாவின் மேலேயே உட்கார்ந்திருப்பார். தறி என்றதும் கேமராமேன் நாடா பறக்கும் என்று எதிர்பார்ப்பார். இங்கே நாடா கிடையாது. நீளமான குச்சியின் முனையில் ஓர் இழையை மாட்டிப் பாவுக்குள் செலுத்தி, வெளியே எடுத்து, விளிம்பில் மடித்து, அச்சை இழுத்து ஓர் அடி. அப்புறம் அடுத்த இழை.

இதைப் படமெடுப்பது ஒரு பாடம். குழுவினர் முதல் கால் மணி நேரத்தில் லாங் ஷாட், க்ளோஸ்-அப், மேலிருந்து ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று என்று எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு மணியைப் பார்ப்பார்கள். பாய் ஒரு விரற்கடை வளர்ந்திருக்காது. "அக்கா, கொஞ்சம் சீக்கிரமா பண்ண முடியுமா?" என்று அசிஸ்டெண்ட் ஒருவர் கேட்டுவைத்தார். குச்சியை நிறுத்தாமலே பதில் வந்தது: "சீக்கிரமா வேணும்னா மெஷின் பாய் இருக்குல்லா தம்பி, கடையில போய் எடுங்க." நல்ல பட்டுப்பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். மடித்தால் துணியைப் போலக் கைக்குள் அடங்கும். 1953-இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனால் நெய்கிற லெப்பை வீடுகளில் அடுத்த தலைமுறைப் பெண்கள் இந்தத் தறிக்கு வரவில்லை. இடுப்பும் கண்ணும் போகிற வேலை, கூலி அதற்கு ஈடாக இல்லை. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். எடிட் மேசையில் அந்த வாக்கியம்தான் முதலில் கத்திரி வாங்கும். 'அழிந்துவரும் கலை' என்று உருக்கமாக ஒரு குரல் வைத்தால் போதுமாம். கூலிக் கணக்கு உருக்கத்தைக் கெடுத்துவிடும்.

ஸ்க்ரிப்டில் இந்தப் பெண்ணுக்கு என்ன பெயர்? தொழில்முனைவோர் என்று போட முடியாது, அவர் முதலாளி இல்லை. தொழிலாளி என்று போடலாம் என்றால் சம்பளப் பட்டியலும் இல்லை. கைவினைஞர் என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறவர்கள், காருக்குறிச்சியில் மண்பாண்டம் வனைகிறவர்கள், வீரவநல்லூர் நெசவாளர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே பட்டம்தான்.

நெல்லைச் சீமையில் பெரிய முதலாளிகள் இல்லாமலா போனார்கள்? டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877-இல் பிறந்தது திருக்குறுங்குடியில். டி.வி.எஸ். வளர்ந்ததோ மதுரையில். தமிழ்நாட்டின் எந்தத் தெருமுனையிலும் மளிகைக்கடை அண்ணாச்சி என்றால் ஊர் இந்தப் பக்கமாகத்தான் இருக்கும். அந்தக் கடையும் இங்கே இல்லை. மாறாக, வெளியிலிருந்து வந்தவர்கள் இந்தத் தண்ணீரைப் பார்த்து இங்கே முதல் போட்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசம் அருவியின் விசையை வைத்து நூற்பாலை நடத்தினார்கள். விக்கிரமசிங்கபுரம் அதைச் சுற்றி எழுந்த ஊர். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கான நிலத்தைச் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை 2028 வரைக்கும் இருந்தும் 2024-இல் கம்பெனி விலகிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே இலை பறித்தவர்கள் மலையிறங்கினார்கள்.

அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தின் மேல் போலீஸ் தடியடி நடத்த, ஆற்றுக்குள் விழுந்தவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். ஆர்.ஆர்.சீனிவாசன் அதைப் பற்றி எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம்தான், என்னைக் கேட்டால், இந்த ஆற்றங்கரையில் எடுக்கப்பட்டவற்றில் முக்கியமானது. கொக்கிரகுளம் பாலத்தில் டைம்லாப்ஸ் எடுக்க வருகிற குழுக்களிடம் அதைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். தலையாட்டுவார்கள்.

'ஆசியத் தொழில்முனைவோர்' என்ற தலைப்புக்கு உண்மையிலேயே பொருந்துகிற கதை ஒன்று இந்தச் சீமையில் இருக்கிறது. கிடைக்காதது அதை எடுப்பதற்கான காட்சிதான்.

1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர், மற்ற ஆசிய நாட்டவர் மட்டும்தான் பங்கு வாங்கலாம். ஆசியா என்பதை ஒரு பங்குப் பத்திரத்தின் நிபந்தனையாகவே எழுதிவைத்தவர்கள்! ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்று, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தார். தூத்துக்குடி-கொழும்பு மார்க்கத்தில் அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். இன்றைய ஸ்டார்ட்-அப்காரர்களுக்கு இந்தத் தந்திரம் நன்றாகவே விளங்கும். வள்ளல்தனம் மாதிரி இருக்கும். எதிரியைச் சாகடிக்கிற கணக்கு.

1908-இல் அவர் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். அந்த ஆலை யாருடையது? பாபநாசத்தில் அருவி விசையில் நூல் நூற்ற அதே ஹார்விகளுடையது. மார்ச் 12-ஆம் தேதி கைது. மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது, நகராட்சி அலுவலகம் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். கைதான ஒரு கம்பெனி நிறுவனருக்காக ஊர் தெருவில் இறங்கியது என்பதை உலகத் தொழில் வரலாற்றில் வேறெங்கே பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளியாகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் ஒரே ஆள் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் சிறையில் இருந்தார்.

இதை இன்று எப்படி எடுப்பது? கப்பல் இல்லை. ஒட்டப்பிடாரத்தில் நினைவில்லம், துறைமுகத்துக்கு அவர் பெயர். 1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' காட்சிகளைப் போடலாம் என்றால் உரிமை வாங்க வேண்டும். போட்டாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு வ.உ.சி. தெரியமாட்டார், சிவாஜிதான் தெரிவார். ஆகவே கடற்கரையில் ஆங்கர் நடந்துகொண்டே இரண்டு வாக்கியம் சொல்வார். நாற்பது விநாடியில் சுதேசிக் கப்பல் புறப்பட்டு மூழ்கிவிடும்.

ஏ.கே.செட்டியாராக இருந்தால் விட்டிருக்க மாட்டார் என்று தோன்றும். பர்மாவில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தியவர். பிறகு உலகம் சுற்றி, காந்தி பற்றிய துண்டுப் படங்களைப் பல நாடுகளில் தேடிச் சேர்த்து, 1940-இல் ஆவணப்படம் கொண்டுவந்தவர். பழைய ஃபிலிம் எங்கே கிடக்கும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவதற்குப் பொறுமை வேண்டும். இப்போதைய ஷெட்யூலில் அதற்கு நாள் ஒதுக்குவதில்லை.

எடுத்தும் காட்டாமல் விடுகிற இன்னொரு விஷயம் பீடி. முக்கூடல், மேலப்பாளையம், கடையம், பொட்டல்புதூர் என்று நெல்லை, தென்காசி இரண்டு மாவட்டத்திலும் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கம்பெனி இலையும் தூளும் நிறுத்துக் கொடுக்கும். இலையை நனைத்து, தகட்டை வைத்துக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டி, தூளை நிரப்பி உருட்டி, நுனி மடித்து நூல் சுற்றி, கட்டுப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கேமராவுக்கு இதைவிட விருந்து உண்டா? பேச்சு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். கையைப் பார்க்காமலே சுற்றுவார்கள். எந்தக் குழு போனாலும் அங்கே மெமரி கார்டு நிறைந்துவிடும். ஒரு வீட்டில் கேமராமேன் ரொம்ப நேரம் விரல்களையே எடுத்துக்கொண்டிருந்தார். உருட்டும்போது பெருவிரல் நகம் இலையை உள்ளே தள்ளுகிற அந்தக் கணத்தைப் பிடிப்பதற்காகத் திரும்பத் திரும்ப "மறுபடி ஒருவாட்டி" என்றார். பீடி சுற்றிய அம்மாவும் செய்துகாட்டினார்கள்.

பிறகு எடிட். 2023 செப்டம்பர் 1 முதல் ஓ.டி.டி. தளங்களுக்கும் புகையிலை விதிகள் வந்துவிட்டன. புகையிலைப் பொருள் திரையில் தெரிந்தால் தொடக்கத்திலும் நடுவிலும் விழிப்புணர்வுப் படம் போட வேண்டும், காட்சி ஓடும்போது கீழே எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும். நியாயமான விதி. உலகம் சுற்றும் உற்சாகத் தொடரின் நடுவே புற்றுநோய் எச்சரிக்கை வந்தால் ஸ்பான்சர் முகம் சுளிப்பார் என்பது தயாரிப்பாளர் கணக்கு. எனவே பீடிப் பகுதி முழுவதும் வெளியே. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஏராளமான வீடுகளுக்குச் சோறு போடுகிற வேலை இப்படித்தான் தாமிரபரணி எபிசோடில் இருக்காது. அல்வா இருக்கும், சைக்கிள் இருக்கும், அருவி இருக்கும்.

படப்பிடிப்பு முடிந்து கேபிள் சுருட்டும் நேரத்தில் எல்லாரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது என் வேலை. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் இருக்கும். உலகம் முழுக்க, எந்த ஊடகத்திலும், காலவரையின்றிக் காட்டச் சம்மதம் என்று. பீடி சுற்றிய அந்த அம்மாவிடம் சாரத்தைத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். முறத்தை எட்டிப் பார்த்து, கட்டை எண்ணி, "காலையிலேர்ந்து அரை நாள் சுத்து போச்சு. ஐநூறு பீடி கொறையும். அதை யாரு தருவா? ஒங்க சாரு தருவாவளா?" என்று கேட்டார்கள். தயாரிப்பு மேலாளரிடம் போய்ச் சொன்னேன். பட்ஜெட்டில் லொகேஷன் வாடகை, டிரோன், யூனிட் சாப்பாடு, ஆங்கரின் மேக்கப் எல்லாவற்றுக்கும் தலைப்பு இருந்தது, இதற்கு இல்லை. பேட்டி கொடுப்பவருக்குப் பணம் கொடுப்பது ஆவணப்பட தர்மம் இல்லை என்று விளக்கம் சொன்னார். அரை நாள் வேலையை நிறுத்தச் சொன்னது நாம்தான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இதரச் செலவு என்று போட்டு ஐநூறு பீடிக்கான கூலியை எடுத்துக் கொடுத்தார். வவுச்சரில் விவரம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று கேட்டார். பீடிக் கூலி என்றே எழுதச் சொன்னேன்.